கட்டற்ற மென்பொருளில் நிரலோடு உரையாடலும் திறந்திருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களும் பணியில் இருக்கும் பொறியாளர்களும் தங்கள் ஓய்வு நேரத்தில் தமிழுக்கென மென்பொருள்களை உருவாக்கி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமத்தோடு அவற்றின் மூலநிரலை வெளியிடுவது இன்று அரிய செய்தி அல்ல. விசைப்பலகைச் செயலி, சொற்பிழை திருத்தி, அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி, எழுத்தைப் பேச்சாக மாற்றும் கருவி, எழுத்துருக்கள் எனப் பல துறைகளில் இந்த உழைப்பு நடந்து வருகிறது. நாளிதழ்களும் இவற்றைப் பாராட்டி எழுதுகின்றன. அந்தப் பாராட்டு முற்றிலும் தகும். ஆனால் இத்தகைய திட்டங்களில் தன்னார்வலராகப் பங்களித்து வருபவன் என்ற முறையில், வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு குறையைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். மூலநிரலைத் திறந்து வைக்கும் நாம், அந்த நிரல் ஏன் அப்படி எழுதப்பட்டது என்ற பேச்சைப் பெரும்பாலும் கைபேசிக் குழுக்களுக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கட்டற்ற மென்பொருள் திட்டமும் தனக்கென ஒரு மின்னஞ்சல் குழுவை (ஒரே முகவரிக்கு எழுதும் மடல் உறுப்பினர் எல்லோருக்கும் போய்ச் சேரும் ஏற்பாடு), யாரும் படிக்கக்கூடிய பழைய மடல்களின் காப்பகத்தோடு அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதும், பொதுப்பணத்தில் நடக்கும் திட்டங்களுக்கு அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதுமே இக்கடிதத்தின் வேண்டுகோள்.

இது ஏதோ நிர்வாக ஒழுங்கு பற்றிய சிறு விஷயம் என்று தோன்றலாம். ‘ஸ்ரீ’ என்ற ஓர் எழுத்தை எடுத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். திரையில் ஒரே வடிவமாகத் தெரியும் அந்த எழுத்தை, கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு முறையில் இரண்டு விதமாக எழுத முடியும். ‘ஸ்’ என்ற மெய்யோடு ‘ரீ’ சேர்ப்பது ஒரு விதம். 2005-இல் வெளிவந்த யூனிகோடு 4.1 பதிப்பில் ‘ஶ’ என்ற எழுத்துக்குத் தனி இடம் கிடைத்த பிறகு, அதன் மெய்யோடு ‘ரீ’ சேர்ப்பது மற்றொரு விதம். இரண்டையும் ஒன்றுபோலவே காட்டும் எழுத்துருக்கள் ஏராளம். ஆகவே கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. கணினிக்கோ அவை இரண்டு வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். ஒரு விதத்தில் தட்டச்சிட்ட ‘ஸ்ரீரங்கம்’ என்ற ஊர்ப் பெயரை மற்ற விதத்தில் தேடினால், இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாத மென்பொருள் அப்படி ஒரு சொல்லே ஆவணத்தில் இல்லை என்று சொல்லிவிடும். இதே தடுமாற்றம் ஒரு பள்ளியின் மாணவர் பட்டியலிலோ நிலப் பதிவேட்டின் பெயர்த் தேடலிலோ நேர்ந்தால், பெயர் விடுபட்டவர் அலுவலகப் படியேற வேண்டியிருக்கும்.

ஆகவே ஒரு விசைப்பலகைச் செயலி இந்த இரண்டில் எதை வெளியிட வேண்டும், ஒரு சொற்பிழை திருத்தி இரண்டையும் சரி என்று ஏற்க வேண்டுமா அல்லது ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தர வேண்டுமா, ஏற்கெனவே பழைய விதத்தில் எழுதிக் குவிந்துள்ள கோப்புகளை என்ன செய்வது என்றெல்லாம் யாராவது உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்தாக வேண்டும். அப்படி ஒரு முடிவை எடுத்திருந்த திட்டம் ஒன்றில், அதற்கான காரணம் என்ன என்று விசாரித்தேன். அதெல்லாம் பழைய வாட்ஸ்அப் குழுவில் விரிவாகப் பேசியதாகவும், அந்தக் குழுவை நடத்தியவர் வேறு வேலைக்குப் போய்விட்டதால் இப்போது யாரிடமும் அந்தப் பேச்சு இல்லை என்றும் பதில் வந்தது. அவர்கள் எடுத்த முடிவு சரியானதாகவே இருக்கக்கூடும். ஆனால் காரணம் தொலைந்துவிட்டதால், அடுத்து வருபவர் அந்த முடிவைத் துணிந்து மாற்றவும் முடியாது, நம்பி விட்டுவைக்கவும் முடியாது. நல்ல எண்ணத்தோடு வரும் ஒரு மாணவர் அதைப் பிழை என்று நினைத்துத் ‘திருத்தி’விட்டால், முன்பு யாரோ பாடுபட்டுத் தீர்த்த சிக்கல் மறுபடியும் முளைக்கும்.

உலகின் மிகப் பெரிய கட்டற்ற மென்பொருள் திட்டங்களுள் ஒன்றான, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரல் இதை எப்படிச் சமாளிக்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயனுள்ளது. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிவரும் இயங்குதளம் பற்றி மினிக்ஸ் என்ற மற்றோர் இயங்குதளத்தின் பயனர்களுக்கான பொதுச் செய்திக்குழுவில் அறிவித்ததுதான் அதன் தொடக்கம். அன்று முதல் இன்றுவரை அந்தத் திட்டத்தின் பேச்சு பெரும்பாலும் திறந்த வெளியில், எழுத்து வடிவில்தான் நடக்கிறது. கருநிரலின் கோப்புகளோடு பராமரிப்பாளர் பட்டியல் என்றொரு கோப்பும் சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு துணைப்பிரிவுக்கும் யார் பொறுப்பு, அந்தப் பிரிவைப் பற்றிப் பேச எந்த மின்னஞ்சல் குழுவுக்கு எழுத வேண்டும் என்பது அதில் இருக்கும். வலைப்பின்னல் பகுதிக்கு ஒரு குழு, கோப்பு முறைமைக்கு ஒரு குழு, நினைவக மேலாண்மைக்கு ஒரு குழு எனத் தனித்தனியே பிரித்திருக்கிறார்கள்.

கருநிரலில் ஏதோ ஒரு வரி ஒருவருக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். நிரலில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியிடம் அந்த வரியை யார், எப்போது, எந்த மாற்றத்தின் பகுதியாக எழுதினார்கள் என்று ஒரே கட்டளையில் கேட்கலாம். கிடைக்கும் மாற்றக் குறிப்பில் எழுதியவரின் பெயரும், அதைப் பரிசீலித்தவர்களின் பெயர்களும், ஒவ்வொருவரும் பொறுப்பேற்றதற்கு அடையாளமான கையொப்ப வரிகளும் இருக்கும். பல குறிப்புகளில், அந்த மாற்றம் முதன்முதலில் விவாதிக்கப்பட்ட மடலின் இணைய முகவரியும் இருக்கும். அதைச் சொடுக்கினால், யார் எதிர்த்தார், என்ன மாற்று யோசனை சொன்னார், எந்தச் சோதனை முடிவைக் காட்டி அது நிராகரிக்கப்பட்டது என்பதெல்லாம் மடலும் மறுமடலுமாக விரியும். எழுதியவர் ஓய்வு பெற்றிருக்கலாம், மறைந்தும் இருக்கலாம். அவருடைய நியாயம் மட்டும் அங்கேயே இருக்கும். கோயம்புத்தூரில் ஒரு மாணவி இன்று இரவு பத்து மணிக்கு அதைப் படித்து, நாளைக் காலை தம் கேள்வியை அதே குழுவுக்கு எழுத முடியும். அவர் யாரையும் நேரில் அறிந்திருக்க வேண்டியதில்லை, யாருடைய கைபேசி எண்ணும் தேவையில்லை.

மேலே சொன்ன கிட் என்ற கருவியின் வரலாறே எனது வாதத்துக்குச் சிறந்த சான்று. 2005-இல், கருநிரலின் பதிப்புகளைப் பேணப் பயன்பட்டுவந்த பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டது. டோர்வால்ட்ஸ் ஏப்ரல் தொடக்கத்தில் மாற்றுக் கருவி ஒன்றை எழுதத் தொடங்கினார். சில நாள்களிலேயே அது தன் நிரலைத் தானே பேணும் நிலைக்கு வந்துவிட்டது. கருநிரல் குழுவின் மடல் வெள்ளத்தில் இந்தப் புதிய கருவியைப் பற்றிய பேச்சு மூழ்கிவிடாமல் இருக்க, அதே ஏப்ரலில் கிட்டுக்கெனத் தனியாக ஒரு மின்னஞ்சல் குழு ஏற்பட்டது. அந்தக் குழுவுக்குத் திருத்தங்களை அனுப்பத் தொடங்கியவர்களுள் ஜூனியோ ஹமானோவும் ஒருவர். அவர் அனுப்பிய நிரலின் தரத்தையும், பிறருடைய நிரலை அவர் படித்துக் கருத்துச் சொன்ன விதத்தையும் குழுவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தனர். ஜூலை மாதமே டோர்வால்ட்ஸ் அவரிடம் முழுப் பொறுப்பையும் ஒப்படைத்தார். இன்றும் கிட்டைப் பராமரிப்பவர் ஹமானோதான். இன்று உலகெங்கும் மென்பொருள் நிறுவனங்கள் நம்பியிருக்கும் ஒரு கருவிக்கு, நான்கே மாதத்தில் தகுதியான வாரிசு கிடைத்தார். வேலை எல்லோர் கண் முன்னும் நடந்ததால்தான் அவரை அடையாளம் காண முடிந்தது.

நம் திட்டங்கள் பலவற்றுக்கு அப்படி வாரிசு கிடைப்பதில்லை என்பதே என் பெருங்கவலை. தொடங்கியவர் திருமணமாகி, வெளிநாடு போய், வேலைச் சுமையில் சிக்கி ஒதுங்கும்போது, அவருக்குப் பின் யார் என்ற கேள்விக்குப் பதில் இருப்பதில்லை. ஆர்வமுள்ளவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு உள்ளே வர வாசல் இல்லை. கைபேசிக் குழுவில் சேர ஏற்கெனவே உள்ளே இருப்பவர் ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும். சேர்ந்தாலும் அதற்கு முன் பேசியவை பெரும்பாலும் அவருக்கு எட்டுவதில்லை. தேடுபொறிகளுக்கும் அந்தக் குழுவின் உள்ளடக்கம் தெரியாது. பெண் மாணவிகள் பலர் தங்கள் கைபேசி எண்ணை முன்பின் தெரியாத நூறு பேர் பார்க்கும்படி வைக்கத் தயங்குவதும் நியாயமானது. மின்னஞ்சல் முகவரியோடு நின்றுவிடும் பங்கேற்பில் அந்தத் தயக்கத்துக்கு அவ்வளவு இடமில்லை. இதைப் பேசும் கூட்டங்களில் கூட இந்த ஒரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நேர வித்தியாசமும் இதில் ஒரு பெரிய காரணி. தமிழ் மென்பொருளுக்கு உழைப்பவர்கள் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். சென்னையில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கி பத்து மணிக்கு முடிந்துவிடும் ஒரு கைபேசி விவாதத்தில், டொராண்டோவில் காலை நேர வேலையில் இருப்பவர் எப்படிக் கலந்துகொள்வார்? அவர் மாலையில் திறந்து பார்க்கும்போது முன்னூறு குறுஞ்செய்திகளுக்கு அடியில் முடிவு எடுக்கப்பட்டிருக்கும். பல கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குத் தாய் அமைப்பான அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களில் முடிவுகளைத் திட்டத்தின் மின்னஞ்சல் குழுவில்தான் எடுக்க வேண்டும் என்ற மரபு உண்டு. நேரிலோ தொலைபேசியிலோ எதைப் பேசினாலும் அது குழுவுக்கு வந்த பிறகே முடிவாகும். வாக்கெடுப்பு என்று வந்தால் பொதுவாகக் குறைந்தது 72 மணி நேரம் திறந்திருக்க வேண்டும். எந்த நாட்டில் இருப்பவரும், வார இறுதியில் மட்டுமே நேரம் கிடைப்பவரும் படித்து, யோசித்து, பதில் எழுத அந்த அவகாசம். தன்னார்வலரின் நேரத்தை மதிக்கும் இந்த ஏற்பாட்டை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது. 2024-இல் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற மென்பொருளில் நடந்தது அது. கோப்புகளைச் சுருக்கும் இந்தச் சிறு கருவி, லினக்ஸ் கணினிகளில் ஏறத்தாழ எங்கும் இருப்பது. நெடுங்காலமாக அதை ஒரே ஒருவர், ஊதியமின்றி, பொழுதுபோக்காகப் பராமரித்து வந்தார். அதற்கும் தனி மின்னஞ்சல் குழு இருந்தது. 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அங்கே திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். 2022-இல் வேறு சில பெயர்களிலிருந்து அதே குழுவில், திருத்தங்கள் தேங்கிக் கிடக்கின்றன, பராமரிப்பாளர் ஆர்வம் இழந்துவிட்டார், வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுக்க வேண்டும் என்று விடாமல் நெருக்கும் மடல்கள் வந்தன. பராமரிப்பாளர் தம் தனிப்பட்ட சிரமங்களைச் சொல்லி, இது ஊதியமில்லாத வேலை என்பதையும் நினைவூட்டிப் பொறுமையாகவே பதில் எழுதினார். காலப்போக்கில் ஜியா டான் இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஒரு ரகசியப் பின்வாசல் செருகப்பட்டிருந்தது. தீய நிரல், சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் படிக்க முடியாத வடிவில் கிடந்தது. அதை உயிர்ப்பிக்கும் வரிகளோ பொதுவில் இருந்த நிரல் களஞ்சியத்தில் இல்லை. பதிவிறக்கத்துக்கு என்று தனியாகக் கட்டித் தரப்பட்ட பொதியில் மட்டும் இருந்தன.

அந்தப் பதிப்புகள் டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களின் (லினக்ஸைப் பிற மென்பொருள்களோடு சேர்த்துத் தரும் தொகுப்புகள்) சோதனை நிலைப் பதிப்புகள் வரை வந்துவிட்டன. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளரும் மைக்ரோசாஃப்ட் ஊழியருமான ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட், தம் சோதனைக் கணினியில் நுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். அரை விநாடியைப் பெரும்பாலோர் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அவர் விடாமல் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்து, முதலில் வழங்கல்களின் பாதுகாப்புப் பிரிவினருக்குத் தனியாகத் தெரிவித்து, 2024 மார்ச் 29 அன்று கட்டற்ற மென்பொருள் பாதுகாப்புக்கான பொது மின்னஞ்சல் குழுவில் முழு விவரத்தையும் எழுதினார். பெரும்பாலான நிலையான வழங்கல்களை அந்தப் பதிப்புகள் எட்டுவதற்கு முன்பே ஆபத்து வெளிப்பட்டது.

மின்னஞ்சல் குழு இருந்தும் இது நடந்ததே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இரண்டு வகை. முதலாவது, அந்தக் குழுவின் காப்பகம் திறந்திருந்ததால்தான் சதி வெளிப்பட்ட சில நாள்களுக்குள், யார் எந்தத் தேதியில் என்ன எழுதினார்கள், நெருக்கடி எப்படிப் படிப்படியாக முற்றியது என்பதை உலகின் எந்த மூலையில் இருந்தவரும் வரிவரியாகப் படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. அதே உரையாடல் தனிச் செய்திகளில் நடந்திருந்தால், நமக்குக் கிடைத்திருப்பது ஊகங்கள் மட்டுமே. இரண்டாவது, அந்தக் குழுவில் குறையாக இருந்தது திறந்த தன்மை அன்று, ஆள் பலம். உலகமே பயன்படுத்திய ஒரு கருவியின் குழுவில், சோர்ந்திருந்த ஒரு மனிதருக்கு ஆதரவாக எழுத ஆள் இல்லை. ‘இவர் ஊதியமின்றிச் செய்கிறார், பொறுங்கள், நான் இந்தத் திருத்தங்களைப் பரிசீலிக்கிறேன்’ என்று எழுத அந்தக் குழுவில் பத்துப் பேர் இருந்திருந்தால், நெருக்கும் மடல்களுக்கு அந்த வலு வந்திருக்காது. ஊர்ப் பொதுக்கிணறு போன்றவை இந்தத் திட்டங்கள். தண்ணீர் எடுக்க எல்லோரும் வருகிறோம், தூர்வார மட்டும் ஒருவரை விட்டுவிடுகிறோம். ஆகவே குழு அமைக்க வேண்டும் என்று நான் கேட்கும்போது, முகவரி ஒன்றைப் பதிவு செய்வதோடு அது முடிந்துவிடும் என்று சொல்லவில்லை. பயன்படுத்துவோர் அதில் சேர்ந்து, படித்து, பதில் எழுத வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

தமிழர்களுக்கு இது புதிய பழக்கம் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். யூனிகோடு பரவலாகப் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன், 1990-களின் பிற்பகுதியில், ஆளுக்கொரு எழுத்துக் குறியேற்றம் இருந்து ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாத காலத்தில், பல நாடுகளில் வாழ்ந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே மாதக்கணக்கில் விவாதித்துத்தான் தகுதரம் என்ற திஸ்கி குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத தன்னார்வலர்கள் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சலில் இணைந்து, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து இலவசமாக வெளியிட்ட முயற்சி. இன்று இணையத்தில் சங்க நூல் ஒன்றைத் தேடிப் படிப்பவர் அந்த உழைப்பின் பயனைத்தான் அனுபவிக்கிறார். முகம் பார்க்காமல் கடிதத்தின் வழியே சேர்ந்து வேலை செய்யத் தெரிந்தவர்கள் நாம்.

அந்தத் தலைமுறை நமக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கையும் ஒன்று உண்டு. 2000-களில் தமிழ்க் கணிமை பற்றிய உரையாடல்கள் பல யாகூ குழுமங்களில் நடந்தன. தமிழில் இடைமுகம் மொழிபெயர்த்தவர்கள், எழுத்துரு செய்தவர்கள், வலைப்பதிவு தொடங்கியவர்கள் எனப் பலரும் அங்கே எழுதினார்கள். 2019-இல் யாகூ நிறுவனம் குழுமங்களில் இருந்த பழைய மடல்களையும் கோப்புகளையும் நீக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பரில் அந்தச் சேவையே மூடப்பட்டது. யாராவது முன்வந்து படியெடுத்து வைத்த குழுமங்கள் தப்பின, மற்றவை போயின. எந்தச் சொல்லை ஏன் தேர்ந்தார்கள், எந்த எழுத்துருச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்று முன்னோடிகள் தங்கள் கைப்பட எழுதிய ஆண்டுக்கணக்கான பதிவுகளை அப்படி இழந்ததை, ஒரு நூலகத்தை இழந்ததற்குக் குறைவாக என்னால் எண்ண முடியவில்லை. இலவசம் என்பதற்காக ஒரு நிறுவனத்தின் வாசலில் நம் ஆவணங்களை வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு பாடம் தேவையில்லை. இன்றைய கைபேசிச் செயலிகளுக்கும் இது அப்படியே பொருந்தும்.

அமைப்பது கடினமா என்றால், இல்லை. குனு மெயில்மேன் என்ற மென்பொருளே கட்டற்றது. பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான குழுக்களை நடத்திவருவது. சொந்தமாக வழங்கிக் கணினி (சர்வர்) வைத்துக்கொள்ள இயலாத சிறு திட்டங்கள், கட்டற்ற மென்பொருள்களுக்கென்றே சேவை தரும் குனு சவன்னா போன்ற தளங்களில் விண்ணப்பித்துத் தங்கள் பெயரில் குழுவைப் பெறலாம். பப்ளிக் இன்பாக்ஸ் என்ற மென்பொருள், குழுவின் மடல்கள் முழுவதையும் ஒரு கிட் களஞ்சியமாகவே சேமிக்கிறது. யாரும் அதை முழுமையாகப் படியெடுத்துத் தம் கணினியில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வழங்கி அழிந்தாலும் இன்னொருவரிடம் படி இருக்கும். யாகூ விஷயத்தில் நமக்கு இல்லாமல் போனது இந்த ஏற்பாடுதான்.

ஓர் அனுபவக் குறிப்பையும் சேர்க்கிறேன். சிறு திட்டங்கள் தொடக்கத்திலேயே நான்கைந்து குழுக்களை ஏற்படுத்திவிடக் கூடாது. பயனருக்கும் நிரலாளருக்கும் சேர்த்து ஒன்று போதும். மடல்கள் பெருகி ஒருவர் பேச்சு மற்றவருக்கு இடையூறாகும்போது பிரித்துக்கொள்ளலாம். பாதுகாப்பு ஓட்டைகளைத் தெரிவிக்க மட்டும் முதல் நாளிலிருந்தே தனி முகவரி ஒன்று, பொறுப்பாளர்கள் மட்டுமே படிக்கும்படி இருக்க வேண்டும். திருத்தம் தயாராகும் முன் ஓட்டையைப் பொதுவில் அறிவித்தால் பயனருக்குத்தான் கேடு. ஆனால் அந்த மறைவும் காலவரையறைக்கு உட்பட்டதாக இருப்பது நல்லது. லினக்ஸ் வழங்கல்களின் பாதுகாப்புப் பிரிவினர் சேர்ந்து நடத்தும் மூடிய குழுவில், ஒரு செய்தியை அதிகபட்சம் 14 நாள்கள்தான் மறைத்து வைக்கலாம், அதன் பின் பொதுவில் வைத்தாக வேண்டும் என்பது விதி. புதியவரின் முதல் மடலை மட்டும் நிறுத்திவைத்துப் பார்த்து அனுமதித்தால் விளம்பரக் குப்பைகள் பெருமளவு குறையும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று வரவேற்பு மடலிலேயே சொல்லிவிட வேண்டும். கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தாம் கண்ட பிழையைத் தமிழில் எழுத, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமோ என்ற கூச்சம் தடையாகக் கூடாது.

இன்றைய இளைஞர்கள் மின்னஞ்சல் பார்ப்பதில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. பைத்தான் மொழியின் உருவாக்குநர்களே தங்கள் பழைய மின்னஞ்சல் குழுவிலிருந்து டிஸ்கோர்ஸ் என்ற இணைய மன்றத்துக்கு மாறிவிட்டார்கள். அந்த மென்பொருளும் கட்டற்றது, மின்னஞ்சல் வழியாகவும் அதில் பங்கேற்கலாம், அதன் பக்கங்களைத் தேடுபொறிகள் படிக்கின்றன. எனக்கு அதில் மறுப்பில்லை. எந்த வடிவமானாலும் சேராமலே படிக்க முடிய வேண்டும், ஒவ்வொரு செய்திக்கும் மாறாத முகவரி வேண்டும், முழுவதையும் படியெடுக்க வழி வேண்டும், திட்டத்தின் சொந்தக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இவை இருந்தால் அது எந்த மென்பொருளில் ஓடுகிறது என்பது இரண்டாம் பட்சம். கைபேசிக் குழுக்களை மூடிவிடச் சொல்லவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கே கூடலாம் என்று பேச அவை வசதியானவை. நிரலைப் பற்றிய முடிவு என்று வரும்போது, பேசியதை ஒருவர் பத்து வரியில் எழுதிப் பொதுக் குழுவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற ஒரு வழக்கத்தைத்தான் வலியுறுத்துகிறேன்.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. அரசுப் பயன்பாட்டில் திறந்த மூலநிரல் மென்பொருள்களுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை இந்திய அரசு 2015-இல் வெளியிட்டது. அரசுக்காக எழுதப்பட்ட மென்பொருள்களின் நிரலைத் திறந்து கூட்டாக வளர்ப்பதற்கான கொள்கையும் அதே ஆண்டில் வந்தது. பின்னர் ஓப்பன்ஃபோர்ஜ் என்ற தளமும் அமைக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் நிரலை ஒரு தளத்தில் ஏற்றிவிட்டு, கேள்வி கேட்க முகவரி கூடத் தராமல் விட்டால் அந்த நிரல் வளராது. தமிழ்நாட்டில் தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற அமைப்புகளும் பல்கலைக்கழகத் துறைகளும் தமிழ் மென்பொருள் திட்டங்களுக்கு நிதி வழங்கும்போது, நிபந்தனைகளில் மூன்று வரிகளைச் சேர்த்தால் போதும்: மூலநிரல் பொது உரிமத்தில் வெளியாக வேண்டும், திட்டத்தின் தொழில்நுட்ப விவாதங்கள் பொதுக் காப்பகம் உள்ள குழுவில் நடக்க வேண்டும், நிதிக்காலம் முடிந்த பின்னும் அந்தக் காப்பகத்தை நிதி வழங்கும் நிறுவனமே பேண வேண்டும். நிதிக்காலம் முடிந்து, ஒப்பந்தப் பணியாளர்கள் கலைந்த பின்பு ஒரு திட்டத்தின் நினைவு எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு இன்று பதில் இல்லை. காப்பகங்களை ஒரே இடத்தில் வைத்துப் பேணும் பொறுப்பைத் தமிழ் இணையக் கல்விக்கழகமே ஏற்றால் மிகவும் நல்லது. பழைய நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கிப் பாதுகாத்துவரும் அந்நிறுவனத்துக்குத் தமிழ்க் கணிமையின் இந்த ஆவணங்களும் உரியவையே.

பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு மாணவர்கள் செய்யும் செயல்திட்டங்களில் ஒரு பகுதியையாவது, ஏற்கெனவே நடந்துவரும் கட்டற்ற மென்பொருள் ஒன்றில் பிழை திருத்துவதாகவும், அந்தத் திருத்தத்தைப் பொதுக் குழுவுக்கு அனுப்பி, அங்கு வரும் விமர்சனங்களுக்குப் பதில் எழுதுவதாகவும் அமைக்கலாம். தம் வேலையை முன்பின் அறியாத ஒருவருக்கு விளக்கி எழுதுவதும், அவர் காட்டும் குறையை ஏற்றுத் திருத்தி மீண்டும் அனுப்புவதும் எந்தத் தேர்வுத்தாளும் கற்றுத்தராத பயிற்சிகள். மதிப்பெண் போடும் பேராசிரியருக்கும் வசதிதான். மாணவர் செய்த வேலை முழுவதும் தேதியோடு பொதுவில் இருக்கும்.

நிறைவாகத் தங்கள் நாளிதழிடம் ஒரு விண்ணப்பம். புதிய தமிழ் மென்பொருள் ஒன்றைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, அதை எங்கே பதிவிறக்கலாம் என்று எழுதுவதோடு, அதைப் பற்றி எங்கே பேசலாம், பிழைகளை எந்த முகவரிக்குத் தெரிவிக்கலாம், பழைய விவாதங்களை எங்கே படிக்கலாம் என்றும் அதை உருவாக்கியவர்களிடம் கேட்டு வெளியிடுங்கள். அந்தக் கேள்வி ஒரு நிருபரிடமிருந்து வருகிறது என்று தெரிந்தால், பதில் இல்லாத திட்டங்களும் அடுத்த வாரத்துக்குள் ஒரு குழுவை ஏற்படுத்திவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகரும் தமிழ்க் கட்டற்ற மென்பொருள் தன்னார்வலருமான ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.